இரண்டு விலைக் குளிசை

2009 இல் சுவிற்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் நகரில் ஒரு மருந்துக்கடையில் நான் வேலை பழகத் தொடங்கியபோது, மருந்துகளைவிட அவற்றின் விலைகள்தான் எனக்குப் புதிராக இருந்தன. எங்கள் கடைக்கு வருபவர்களில் பலர் சனிக்கிழமைகளில் எல்லை தாண்டி பிரான்சுக்குப் போய் இறைச்சியும் பால்கட்டியும் வாங்கி வருபவர்கள். மருந்தும் வாங்குவார்கள். "அங்கே இதே பெட்டி எவ்வளவு மலிவு தெரியுமா?" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த மாதம் மறுபடியும் எங்களிடமே வருவார்கள். என் முதலாளி தோளைக் குலுக்குவார். நான் போய்ப் பார்க்க விரும்பினேன்.

அப்பா கடிகார முகப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவரும் சனிக்கிழமைகளில் கோழியும் மீனும் வாங்க மலையைத் தாண்டி எல்லைக்கு அப்பால் உள்ள சிற்றூருக்குக் காரில் போவார். நான் கூடப் போய், பச்சைச் சிலுவை எரியும் ஒவ்வொரு மருந்துக்கடைக்குள்ளும் நுழைந்து, தலையிடிக் குளிசையின் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவேன்.

"மருந்துக்கடைக்குப் போய் மருந்து வாங்காமல் விலை பாக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறன்" என்றார் அப்பா.

"ஒரே கம்பனி, ஒரே பெட்டி, அப்பா. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. ஏன் எண்டு தெரிய வேண்டாமோ?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

 தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு அப்போது இல்லை.

சில வருடங்கள் கழித்து ஜெனீவாவில் வேலை கிடைத்தது. நோய்க் காப்புறுதி இல்லாதவர்களுக்காக நடக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தின் மருந்தறையில். இந்த நாட்டில் எல்லோருக்கும் காப்புறுதி கட்டாயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். காப்புறுதி இல்லாதவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அங்கே வேலைக்குப் போன பிறகுதான் கண்டேன். வீடு கூட்டுபவர்கள், பிள்ளை பார்ப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள். பெரும்பாலும் தென்னமெரிக்கப் பெண்கள், பிலிப்பீனியர். அவர்களிடம் வதிவிட அனுமதி இல்லை. ஜெனீவாவில் எல்லோரும் அதைப் 'பேப்பர்' என்றுதான் சொல்வார்கள். பேப்பர் இல்லாதவரும் சட்டப்படி காப்புறுதி எடுக்கலாம் என்று பிறகு அறிந்தேன். ஆனால் தவணைப் பணத்துக்கும் பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்துக்கும் இடையில் அநேகம் பேர் எடுப்பதில்லை.

முதல் நாளே என் கண்ணில் பட்டது கணினித் திரை. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே இரண்டு விலைகள். ஒன்று, அரசாங்கம் அறிவித்த விலை. நான் வேலை பழகிய கடையில் மனப்பாடமாக இருந்த விலை அதுதான். மற்றது, எங்கள் மருந்தறைக்கு மட்டுமான விலை. சில மருந்துகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிலவற்றில், தட்டச்சுப் பிழையோ என்று இரண்டாம் தடவை பார்க்கும் அளவுக்கு வித்தியாசம்.

தலைமை மருந்தாளர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. ஃப்ரிபூர்க் பக்கத்தவர். குரலை உயர்த்தமாட்டார். எனக்கு ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நம்முடைய விலைக்கு வாங்கிய மருந்து, இங்கே பதிந்திருக்கும் காப்புறுதி இல்லாத நோயாளிகளைத் தவிர வேறு எவருக்கும் போகக்கூடாது." அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் பல்வலியில் கன்னம் வீங்கிப்போய் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் அலுமாரி நிறைய வலிக்குளிசை. தெருவைக் கடந்து எதிர்க் கடையில் முழு விலை கொடுத்து வாங்கி வரச் சொன்னார். போனேன்.

ஒரு தமிழ் அக்கா எங்களிடம் வந்தது இதற்குப் பிறகு. தாதி ஒருவர் மருந்தறைக்குள் எட்டிப் பார்த்து, "உன் மொழிக்காரர் ஒருவர். வந்து உதவு" என்று கூப்பிட்டார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். நேர்த்தியாக வாரிய தலை, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கும் சங்கிலி. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர். பிறகு தங்கையின் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. இவருக்கு அங்கே போக வழியில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. ஜெனீவாவிலேயே தங்கி, வீடுகள் துப்புரவு செய்தும் சேலைச் சட்டைகள் தைத்தும் வாழ்ந்தார். உடம்பு அசதி என்று வந்தவரின் இரத்தத்தைச் சோதித்தபோது ஈரலில் ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. சண்டைக்காலத்தில் ஒரு சத்திரசிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் டொக்டர்.

"இப்போது புதுக் குளிசைகள் இருக்கின்றன" என்று டொக்டர் சொல்ல நான் தமிழில் சொன்னேன். நாளுக்கு ஒன்று. மூன்று மாதம். அநேகமாக எல்லோருக்கும் சுகமாகிவிடும்.

அக்கா கவனமாகக் கேட்டார். "என்ன விலை?" என்றார். உங்களுக்கு மிகக் குறைவு, இந்த நிலையத்துக்குத் தனியாகக் குறைத்த விலையில் கிடைக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் மருந்தறைச் சாளரத்துக்கு நேரே வந்து நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கலாமோ? டொக்டரிட்டக் கேட்டாக் கோவிப்பா."

"கேளுங்கோ அக்கா."

"நான் வேலை செய்யிற வீட்டு மதாமின்ர சகோதரிக்கும் இதே வருத்தம்தானாம். அவவுக்கு அசுரான்ஸ் இந்தக் குளிசைக்குக் காசு கட்டமாட்டன் எண்டிட்டுதாம். ஈரல் இன்னும் நல்லாப் பழுதாகேல்லையாம், பழுதானாப் பிறகு வரட்டாம். அவ்வளவு விலையாம். அவைக்கே குடுக்காத மருந்தை எனக்கேன் மலிவாத் தருகினம்?"

காப்புறுதிகள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தன. விலை தாங்காது என்பதால், ஈரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு மட்டும் என்று வரையறை இருந்தது.

"இது ரெண்டாந்தரமோ?" என்று அக்கா தொடர்ந்தார். "திகதி முடியப் போறதோ? இல்லாட்டி எங்களில போட்டுப் பாக்கினமோ?"

"இல்லை அக்கா, அதே குளிசைதான்."

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நான் தினமும் இரண்டு விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் இரண்டாவது விலை எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. மலையின் இரு பக்கமும் ஓடிப் பார்த்தவளுக்கு, திரையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தது பழகிப் போயிருந்தது.

மதிய இடைவேளையில் தலைமை மருந்தாளரிடம் போனேன். அவர் மாண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"விலை ஏன் குறைவு என்று கேட்கிறாரா? நல்ல கேள்வி" என்றார். "அரசாங்கம் அறிவித்த விலை காப்புறுதிகள் கட்டுவதற்கானது. நம்மிடம் வருபவர்களுக்குக் காப்புறுதி இல்லை. அந்த விலைக்கு அவர்களுக்கு ஒரு பெட்டி கூட விற்காது. விற்காத பெட்டியால் கம்பனிக்கு என்ன பிரயோசனம்? அதனால் கன்டன் அரசு அதிகாரிகளும் நாங்களும் கம்பனிக்காரரோடு உட்கார்ந்து பேசினோம். ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசினோம்."

"அப்படியென்றால் ஒரு குளிசை செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது?"

"நானும் கேட்டேன். சிரித்தார்கள். கோப்பி வேண்டுமா என்று கேட்டார்கள்."

ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "இப்போது விளங்குகிறதா, உன்னை ஏன் பல்வலியோடு எதிர்க்கடைக்கு அனுப்பினேன் என்று? ஒரு பெட்டி வெளியே போனால், முழு விலை கட்டுபவர்கள் எங்களுக்கும் அதே விலையில் தா என்பார்கள். பிறகு கம்பனி நம்மோடு கதைக்காது."

அக்காவுக்கு இதைச் சொன்னேன். தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. எங்கள் நிலையம் பெரியாஸ்பத்திரியைச் சேர்ந்தது என்பதால், அன்று எங்கள் களஞ்சியத்தில் அதன் ஈரல் பகுதிக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகளும் இருந்தன. முழு விலைக்கு வாங்கியவை. தலைமை மருந்தாளரிடம் அனுமதி கேட்டு, அதில் ஒன்றையும் எங்களுடையதில் ஒன்றையும் சாளரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டையும் புரட்டினார். முடிவுத் திகதியை ஒப்பிட்டார். பக்கத்தில் அச்சடித்திருந்த தொகுதி இலக்கத்தை விரலால் தடவித் தடவி வாசித்தார். இரண்டிலும் ஒன்றே.

"ரெண்டும் ஒரே நாள் ஒரே மெசினில செய்ததோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ரெண்டையும் மாத்தி வச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது?"

"கொம்பியூட்டருக்குத் தெரியும்."

முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பெட்டிகளை என் பக்கம் தள்ளினார். "பாவம் அந்த மனிசி" என்றார். "அவவுக்குப் பேப்பர் எல்லாம் இருக்கு, குளிசை இல்லை. எனக்குக் குளிசை இருக்கு, பேப்பர் இல்லை."

அன்றைக்கே முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மாதத்துக்கு ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி எடுக்க வந்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்றார். இரத்தச் சோதனையில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் நடுவில் விட்டால் திரும்ப வளரும் என்று டொக்டர் எச்சரித்தார்.

அந்தச் சமயத்தில் ஜெனீவா கன்டன் அரசு, நீண்டகாலம் பேப்பர் இல்லாமல் இருந்து உழைத்தவர்களுக்கு 'பெர்மி' என்ற வதிவிட அனுமதி கொடுக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் நிலையத்தின் சமூகப் பணியாளர் ஒருவர் அக்காவுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார். ஒரு காலை அவர் கோபமாக மருந்தறைக்குள் வந்தார்.

"உன் அக்கா எங்கே? அவருடைய கோப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. கைரேகை வைக்க அழைத்தார்கள், போகவில்லை. தொலைபேசியும் எடுக்கிறாரில்லை. ஜனங்கள் இதற்காக வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்!"

எனக்குப் பயம் வந்தது. ஏதும் வருத்தமோ, பிடிபட்டுவிட்டாரோ என்று பலதும் ஓடியது. வேலை முடிந்ததும் அவர் தங்கியிருந்த இடத்துக்கு ட்ராம் ஏறினேன். இன்னொரு குடும்பத்தின் வீட்டில் ஒரு சின்ன அறை. தையல் மெசினுக்கு முன்னால் நலமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."

"அக்கா, பெர்மி கிடைக்கப் போகுது. நீங்கள் ஏன் போகேல்லை?"

"போவன். குளிசை முடியட்டும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கதிரையை என் பக்கம் திருப்பி உட்கார்ந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பெர்மி தந்தா அண்டையில இருந்து நான் அசுரான்ஸ் எடுக்கத்தான் வேணும், தப்பேலாது. மதாமிட்டக் கேட்டனான். அசுரான்ஸ் இருந்தா நீங்கள் எனக்குக் குளிசை தரமாட்டியள், அது உங்கட சட்டம். அசுரான்சும் தராது, என்ர ஈரல் இன்னும் பழுதாகாமல் நல்லா இருக்கு. அப்ப மூண்டாவது பெட்டி எங்கயால வரும்? பேப்பர் இல்லாட்டித்தான் எனக்கு மருந்து."

"பத்து வருசத்துக்கு மேல காத்திருந்தனீங்கள் அக்கா..."

"அதுதான் சொல்லுறன். இவ்வளவு காலம் இருந்த எனக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கேலாதோ?"

"அதுக்குள்ள அவை உங்கட விண்ணப்பத்தை மூடிப்போட்டா?"

அவர் எழுந்து தேத்தண்ணியை ஊற்றினார். தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவருக்கும் பயம்தான் என்று அப்போது கண்டேன். கிருமி திரும்புமோ என்ற பயமும், பெர்மி கைவிட்டுப் போகுமோ என்ற பயமும் இரண்டு பக்கமும் இழுக்க, கிருமிப் பயத்தை ஒரு தட்டு மேலே வைத்திருந்தார். அவர் இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். 

மறுநாள் தலைமை மருந்தாளரிடம் கேட்டேன். "மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவருக்குக் காப்புறுதி வந்தால் நம் விதி என்ன சொல்கிறது?"

 "இதுவரை யாருக்கும் அப்படி நடக்கவில்லையே" என்றார். எங்கள் நோயாளிகள் பேப்பர் இல்லாமல் வருவார்கள், பேப்பர் இல்லாமலே போவார்கள். ஒருவருக்கு நல்ல காலம் பிறக்கும் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசியவர்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

கம்பனியில் எங்களோடு தொடர்பில் இருந்த பெண்ணை உடனே அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். ஜெர்மன் வாசம் அடிக்கும் பிரெஞ்சு.

"நடுவில் காப்புறுதி கிடைக்கிறதா? எப்படி?"

"வதிவிட அனுமதி கிடைத்திருக்கிறது."

"நல்ல செய்திதானே?"

"நல்ல செய்திதான். அதனால்தான் பிரச்சினை."

 மறுபக்கம் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு அழைக்கிறேன்" என்றார்.

அந்த இடைவெளியில் நான் சமூகப் பணியாளரிடம் போய் அக்காவின் காரணத்தைச் சொன்னேன். கோபத்தோடு கேட்கத் தொடங்கியவர் முடிவில் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நோயாளி சிகிச்சையில் இருக்கிறார் என்று சொல்லி இன்னொரு திகதி வாங்கினார். அது பொய்யும் இல்லை.

கம்பனிப் பெண் அழைக்க ஒரு வாரத்துக்கு மேலாகியது. அந்த நாட்களில் தொலைபேசி அடித்தால் நானும் தலைமை மருந்தாளரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். கடைசியில் அழைத்தார். "தொடங்கியவர் முடிக்கலாம். இனி எல்லோருக்கும் அப்படியே."

"மிக்க நன்றி" என்றார் தலைமை மருந்தாளர். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சம்மதித்தார்கள்?" என்று குறுக்கே கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் தயங்கினார். "நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பி வரும். மருந்து பலிக்கவில்லை என்றுதான் அது கணக்கில் சேரும். அதை மேலே உள்ளவர்கள் விரும்பவில்லை." பிறகு, "நானும் கொஞ்சம் பேசினேன்" என்றார்.

எவ்வளவு அவர் பேசியது, எவ்வளவு கம்பனியின் பெயர்ப் பயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கைரேகை வைக்க அக்காவோடு நானும் போனேன். கண்ணாடித் தகட்டில் விரலை வைத்தார். மெசின் சிவப்பாக மினுங்கியது. துடைத்துவிட்டு மறுபடி. மறுபடியும் சிவப்பு. வருடக்கணக்காகக் குளியலறை கழுவும் திராவகத்தில் ஊறி, அவருடைய விரல் நுனி ரேகைகள் தேய்ந்து போயிருந்தன. அலுவலர் இளைஞர், பொறுமையானவர். ஒரு ஈரத்துணி கொடுத்தார். பிறகு தன் மேசை லாச்சியிலிருந்து கைக்குப் பூசும் கிறீம் எடுத்துத் தந்தார்.

"நான் வரமாட்டன் எண்டு நிண்டனான்" என்று அக்கா என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். "இப்ப நான் வந்து நிக்கிறன், இது மாட்டன் எண்டுது."

கடைசியில் பச்சை எரிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் நடந்தோம். எந்த வேலைநாளிலும் பகலில் தான் ஏரியைப் பார்த்ததில்லை என்றார்.

மூன்றாவது பெட்டியும் முடிந்தது. அதன் பிறகு செய்த சோதனைகளில் கிருமி இல்லை. அதே வருட இலையுதிர் காலத்தில் அரசாங்கமும் கம்பனிகளும் பேசி விலையைக் குறைக்க, ஈரல் எந்த நிலையில் இருந்தாலும் காப்புறுதிகள் கட்டத் தொடங்கின. மதாமின் சகோதரிக்கும் குளிசை கிடைத்தது. அக்கா அதைச் சொல்லத்தான் எங்கள் சாளரத்துக்குக் கடைசியாக வந்தார்.

"விலை குறைஞ்சதாமே. இப்ப ஏன் குறைச்சவை?"

"கனகாலமாக் கதைச்சவையாம் அக்கா. இப்பத்தான் சம்மதிச்சவை."

"அப்பவே சம்மதிச்சிருக்கலாம்தானே? அதே குளிசைதானே?"

தலைமை மருந்தாளர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன கேள்வி என்று தெரிந்திருக்க வேண்டும். உதட்டைப் பிதுக்கினார்.

இப்போது அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். ஒழுங்கான சம்பளம், ஒழுங்கான விடுமுறை, ஒவ்வொரு மாதமும் காப்புறுதிப் பணம் கட்டும்போது ஒழுங்காக ஒரு முறைப்பாடு. எங்கள் நிலையத்துக்கு அவர் வர முடியாது. வரவும் தேவையில்லை.

போன வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து போகும்போது, ட்ராம் தரிப்புக்குப் பக்கத்து மருந்துக்கடையின் பாதி திறந்த கதவினூடாக அவரைக் கண்டேன். இரத்த அழுத்தக் குளிசை வாங்க வந்திருந்தார். மேசையில் ஒரே மருந்தின் இரண்டு கம்பனிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்று ஏன் விலை கூட, மற்றது ஏன் குறைவு என்று தன் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தார். விற்பனைப் பெண் ஏதோ சொன்னாள். அக்கா தலையாட்டிவிட்டு, அது சரி, ஆனால் ஏன் என்று மறுபடி கேட்டார். அவள் உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தாள்.

என் ட்ராம் வந்து நின்றது. நான் ஏறவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதலாளி என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது.